தடுக்கி நிற்பதற்கு ஒரு ஆள்

இல்லை, எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. சம்பந்தியைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? பேத்திக்கு என் மூக்கு. அதைப் பிறந்த அன்றைக்கே நர்ஸம்மா சொல்லிவிட்டார். அவருடைய பங்குக்கு வந்தது இடது காது மடல் மட்டும். அதையும் குழந்தையை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து அவரே காட்டினால்தான் தெரியும். அப்புறம் எதற்குப் பொறாமை? அவர் செய்கிற காரியத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் மகளுக்கு மாமனார் அவர். முப்பத்தொரு வருஷம் ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகத்தில் லிப்ட் ஓட்டினார். 'ஓட்டினேன்' என்று அவர்தான் சொல்வார். நான் பஸ் ஓட்டியவன். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவதற்குப் பெயர் ஓட்டுவது என்றால், எங்கள் வீட்டில் மின்விசிறி போடுகிறவர்கள்கூட டிரைவர்கள்தான். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கிய மனிதர்.

இந்த வம்பு ஆரம்பித்ததும் அந்த லிப்டில்தான். ஒன்பதாவது மாடியில் ஒரு இன்ஜினீயர் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதுகிறவர். விற்பதற்கு இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் என்று பெயர். அதைப் பரப்புவதற்கு ஒரு சங்கமும் வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் அந்த இன்ஜினீயர் லிப்டில் ஏறி, சம்பந்தியின் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்.

"இதப் படிச்சுப் பாருங்கண்ணே. எங்க புரியலையோ அங்க விரல வைங்க."

முதல் வரியிலேயே விரலை வைத்துவிட்டாராம். நீங்களோ நானோ என்றால் புரிந்த மாதிரி தலையை ஆட்டி, பேசாமல் ஒன்பதாவது மாடியில் இறக்கி விட்டிருப்போம். இவருக்கு வெட்கம் என்கிற உறுப்பையே வைத்து அனுப்பவில்லை. இன்ஜினீயர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, விரல் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவேண்டும். யாரோ தங்க மெடல் குத்திவிட்ட மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து சங்கத்தில் அதுதான் முறை. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்கள் எழுதுகிற வழிகாட்டித் தாள் எதுவானாலும் முதலில் சம்பந்தியிடம்தான் வரும். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தாளில் விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்வார். விரல் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த வரியைத் திருத்தி எழுதி மறுபடி கொடுப்பார்கள். மேலிருந்து கீழ் வரை விரல் நிற்காமல் போனால்தான் அந்தத் தாள் அச்சுக்குப் போகும். அங்கே அவருக்குப் பெயரே 'புள்ளி ஐயா'. பெரும்புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள்.

அதாவது, இருப்பதிலேயே விவரம் தெரியாத ஆளாகப் பார்த்துப் பிடித்து, இவருக்கே புரிந்தால் எவருக்கும் புரியும் என்று முத்திரை குத்துகிறார்கள். தெரியாததையே தொழிலாக வைத்துக்கொண்டவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் சம்பளம் இல்லாமல்.

கல்யாணப் பேச்சு முடிந்த புதிதில் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் சம்பந்தி, அவங்க உங்கள முட்டாள்னு சொல்றாங்க. அதக் கேக்கறதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறீங்களே?"

"முட்டாள்னு யாரும் சொல்லல சம்பந்தி. நான் நின்னா, அந்த இடத்துல வழி சரியில்லன்னு அர்த்தம்."

"அப்படியா? இது தெரியாமப் போச்சே. நானும் பஸ்ஸப் பள்ளத்துல விட்டுட்டு, வழி சரியில்லன்னு எழுதிக் குடுத்திருப்பேன்."

சிரித்தார். அவரைக் குத்தினால் சிரிப்பார். அதிலும் நமக்கு ஒரு திருப்தி கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை முழுநாளும் அங்கேதான். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறை. மாடிப்படி முழுக்க கிரீஸ் வாடை. ஒரு ஜன்னல், அதிலும் பாதியைப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் மறைத்திருக்கும். ஒரு தடவை அவரைக் கூப்பிடப் போய்ப் பார்த்திருக்கிறேன். படித்த பிள்ளைகள் எல்லாம் நாற்காலியில். இவர் தரையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டு மாதிரி மடித்து மடித்துச் சுற்றினால்தான் அடுத்த தடவை சிக்காது என்று எனக்கே வகுப்பு எடுத்தார். கூட்டம் என்றால் நாற்காலி போடுவது, போஸ்டர் ஒட்டுவது, பேச வருகிறவரை ரயிலடியில் போய் அழைத்து வருவது, கடைசியில் விளக்கை அணைத்துப் பூட்டுவது எல்லாம் இவர்தான். ஆண்டு விழாவில் நன்றி சொல்லும்போது மைக் செட்டுக்காரருக்குக்கூட நன்றி சொன்னார்களாம். இவர் பெயர் வரவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் அப்ப மெயின் சுவிட்ச் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன், அவங்க கண்ணுல படல" என்கிறார். பேச்சைப் பாருங்கள்.

இந்த மனிதரின் கையில் போய் என் மகளின் பிழைப்பு மாட்டியது.

மகள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறாள். தெருவோடு ஒட்டிய ஒரே வாடகை அறை, ஆறு மெஷின். விண்ணப்பம் நிரப்புவது, பாஸ்போர்ட் அளவு படம் எடுத்துப் பிரிண்ட் போடுவது, பில் கட்டிக்கொடுப்பது என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். மாப்பிள்ளை கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான். கடைதான் அவளுக்குத் தெம்பு. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் கடையை விட்டுவிட்டு வந்தாள். தடிமனான கண்ணாடி போட்ட பெண். எங்களுக்கு அவள் 'கண்ணாடி'தான்.

பேத்தி பிறந்த பத்தாவது நாள் ஒரு கடிதம் வந்தது. ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியின் வக்கீல் அனுப்பியது. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே படித்தாள்.

"ஆறு மெஷின்லயும் இருக்கறது திருட்டு மென்பொருளாம்ப்பா. நான் யார்கிட்டப்பா திருடினேன்? கடைய வாங்கும்போதே அதுல இருந்துச்சு."

முறையாகப் பணம் கட்டிச் சான்று வாங்கவேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் ஆள் வந்து சோதனை போடுவார்கள், வழக்கு வரும் என்று எழுதியிருந்தது. அவர்கள் கேட்ட தொகைக்குக் கடையை விற்றாலும் ஆகாது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பத்து நாள் குழந்தை, என் விரலை எப்படிப் பிடித்தது தெரியுமா? ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி. என் வாரிசு.

சம்பந்தி கடிதத்தை விரல் வைத்துப் படித்தார்.

"ஆறையும் மாத்திடலாம்மா. நம்ம சங்கத்து மென்பொருளப் போட்டுட்டா, வர்றவங்க பாத்துட்டுத் தண்ணி குடிச்சுட்டுப் போகவேண்டியதுதான்."

"ஓட்டிப் பழகின வண்டிய மாத்தினா கடை ஓடுமா சம்பந்தி?"

"ஓடும். எல்லாத்தையும் நான் செஞ்சு பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"நீங்க செஞ்சு பாத்துட்டா?"

"ஆமா. எனக்கு வந்தா எல்லாருக்கும் வரும்."

அடுத்த ஒரு வாரம் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு கடையிலேயே கிடந்தார். வருகிற ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார்கள் என்று எழுதினார். நாற்பத்துமூன்று வேலை. சங்கத்தில் உட்கார்ந்து நாற்பத்துமூன்றுக்கும் தாள் எழுதினார்கள். இவர் எல்லாவற்றையும் விரல் வைத்துச் செய்து பார்த்தார். எங்கேயும் நிற்கவில்லையாம். "ஒரு புள்ளிகூட இல்ல சம்பந்தி" என்று என்னிடம் வந்து சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் தலைவர் வந்தார். அவரைப் பற்றி என்ன சொல்ல! கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. கேமரா முன்னால் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பேனர் வந்தது, பத்திரிகைக்காரர் வந்தார். 'இந்தத் தெருவில் இன்று விடுதலை பிறந்தது' என்று கால் மணி நேரம் பேசினார். தெருவில் இருந்த ஏழு பேரும் கேட்டோம். இன்ஜினீயரும் பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் மெஷினுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆணி கிடைக்கவில்லை என்று பேனரின் ஒரு மூலையைச் சம்பந்தி கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தலைவர் முழுசாக. சம்பந்தியின் கட்டைவிரல் மட்டும். அந்தக் கட்டைவிரலோடு படத்தை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பேப்பர் வந்த அன்றைக்கே, திங்கட்கிழமை, மானம் போனது. ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்குக் கெடு. கண்ணாடி தாளைப் பார்த்துப் படத்தைத் திறந்தாள், அளவாக வெட்டினாள், சேமித்தாள், இணையத்தில் ஏற்றினாள். 'இந்த வகைக் கோப்பு ஏற்கப்படாது' என்று வந்தது. நாலு தடவை செய்தாள், நாலு தடவையும் அதே பதில். அந்தப் பெண் மணியைப் பார்த்தாள், தெருவைத் தாண்டி எதிரில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தெருவைத் தாண்டினார்கள்.

சம்பந்திக்கு போன் போட்டதும் வந்தார். தாளை வைத்துக்கொண்டு செய்தார். படம் ஒழுங்காகப் போனது. "நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும் கண்ணாடி செய்தாள். மறுபடி ஏற்கப்படாது. "எனக்குத்தான் கைராசி இல்ல" என்று அழுதுவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். புதன்கிழமை இரண்டு பேர். எதிர்க்கடைக்காரர் ஆள் உட்காருவதற்கு இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

புதன் மத்தியானம் மகள் குழந்தையோடு கடைக்கு வந்துவிட்டாள். நான் குடையும் பையுமாகப் பின்னால்.

"சனிக்கிழமை வாடகைக்கு ரூம்காரர் வர்றார் மாமா. அதுக்குள்ள சரியாகலன்னா சாவியக் குடுத்துடறேன். என்னால எதிர்க்கடையப் பாத்துட்டு உக்கார முடியாது."

'மாமா' அசையவில்லை. மறுபடி உட்கார்ந்து, வலது கையால் மவுஸைப் பிடித்து, இடது கை விரலைத் தாளில் வைத்து, அதே படத்தைச் செய்தார். வந்தது. கண்ணாடி செய்தாள். வரவில்லை. அவர் செய்தார். வந்தது. நான் பேத்தியைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே பின்னால் நின்று பார்த்தேன். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு ஒன்று தெரியும். கண் ஒரு வேலை பார்க்கும், கை தன்பாட்டுக்கு வேறு வேலை பார்க்கும். கியர் மாற்றும்போது யார் யோசிக்கிறார்கள்?

"நிறுத்துங்க சம்பந்தி. தாள்ல என்ன போட்டிருக்கு?"

"சேமிக்கவும்."

"நீங்க அமுக்கினது அது இல்லையே. நாலஞ்சு வரி கீழ ஏதோ ஒண்ணு."

"அதுவா, அது ஏற்றுமதி. சேமின்னு குடுத்தா இந்த மென்பொருளோட சொந்த வகையில சேமிச்சு வச்சுக்கும், வெளிய யாரும் வாங்க மாட்டாங்க. ஏற்றுமதின்னு குடுத்தாத்தான் சாதாரணப் படமா..." பாதியில் நின்றுவிட்டார்.

"அது தாள்ல எங்க இருக்கு?"

விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். கீழிருந்து மேலே ஓட்டினார். இல்லை. தாள் எழுதியவருக்கும் கை பழக்கம், செய்து பார்த்தவருக்கும் கை பழக்கம்.

"இது எனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

நான் சிரித்த சிரிப்பில் பேத்தி விழித்துக்கொண்டாள். எட்டு வருஷம் தெரியாதவராகவே உட்கார்ந்து உட்கார்ந்து, மனிதர் கடைசியில் தெரிந்துகொண்டுவிட்டார். அந்த விவரம் அவருக்கே தெரியவில்லை. நாற்பத்துமூன்று தாளிலும் புள்ளி விழாததற்குக் காரணம் தாள் நன்றாக இருந்தது அல்ல. இவர் கெட்டுப்போயிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று, லிப்ட் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தபோது இருந்ததாமே, அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இப்ப நெஜமாவே எதுவும் தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்" என்றார் மெதுவாக.

கண்ணாடிக்குப் பாதி தெரியும். மகளுக்கு முழுக்கத் தெரியும். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"என்ன, எல்லாரும் இங்க பாக்கறீங்க?"

"சம்பந்தி..."

"வாயத் திறக்காதீங்க. பஸ்ல அறுபது பேர் உசுர ஏத்திட்டுப் போனவன் நான். என்னப் போய் அந்த ஸ்டூல்ல உக்கார வைக்கலாம்னு பாக்கறீங்களா?"

"அப்பா, மூணே நாள்ப்பா. எனக்காக."

பேத்தி அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் போட்டாள். பிறந்ததிலிருந்து இரண்டாவது தும்மல். அதோடு என் வீராப்பு போய்விட்டது. அவளை இடது கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தாளில் முதல் வரி, 'உலாவியைத் திறக்கவும்.' விரல் நின்றுவிட்டது.

"ஏன் நிக்கறீங்க?"

"உலாவின்னா யாரு?"

கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி சிரிக்கவில்லை. பென்சிலால் புள்ளி வைத்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன் மாலை, வியாழன் முழுக்க, வெள்ளி காலை. நாற்பத்துமூன்று தாளில் என் விரல் நூற்றுப் பதினெட்டு இடத்தில் நின்றது. எண்ணியது நான் இல்லை, அவர்தான். ஒவ்வொரு புள்ளிக்கும், "அருமை சம்பந்தி, இத நான் பாக்கவே இல்ல" என்பார். வாழ்க்கையில் ஒரு மனிதன் தெரியாது என்று சொன்னதற்கு இவ்வளவு பாராட்டு வாங்கியிருக்கமாட்டான். இன்ஜினீயர் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து, கை கழுவக்கூட எழுந்திருக்காமல் திருத்தி எழுதினார். தலைவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் பெரிய அளவில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் டை, கையில் தோல் பை. ஆறு மெஷினையும் குடைந்தார்கள். அவர்கள் தேடியது எதிலும் இல்லை. ஒருவர் தண்ணீர் கேட்டார். மகள் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சம்பந்தி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? மேஜைக்கு அடியில் படுத்து வயர் கட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

அன்று மாலை, திங்கட்கிழமை ஓடிப்போன அதே பெண் வந்தாள். எதிர்க்கடையில் கூட்டமாம், இன்னொரு விண்ணப்பமாம். கண்ணாடி தாளைப் பார்த்துப் படத்தைத் திறந்தாள், வெட்டினாள், ஏற்றுமதி செய்தாள், ஏற்றினாள். போய்விட்டது. "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் கிளம்பினாள். சனிக்கிழமை ரூம்காரர் வந்தபோது உள்ளே ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைவர் ஏதோ ஊரில் ஏதோ மேடையில் இந்தக் கடையைப் பற்றிப் பேசினாராம். அதில் நானும் இல்லை, சம்பந்தியும் இல்லை, நூற்றுப் பதினெட்டுப் புள்ளியும் இல்லை. இவருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. நான் கொதிக்கிறேன், இவர் வயர் சுற்றுகிறார். இந்த மாதிரி மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. இன்று காலை ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். பேத்தியைப் பார்க்க என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எதிர்க்கடைக்காரருக்கும் வக்கீல் கடிதம் வந்துவிட்டதாம், அவர் சங்கத்துக்கு வந்தாராம், அவருக்காக எழுதியதாம். பெஞ்சு வாங்கிப் போட்டவருக்கு! எனக்கு வந்த கோபத்தில் தாளைப் பிடுங்கினேன். பேத்தி மடியில் இருந்தாள். வீட்டில் மகள் வைத்திருக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தாளில் விரலை வைத்து மளமளவென்று செய்து முடித்தேன். மூன்றாவது வரியில் ஏதோ விட்டுப்போயிருந்தது, நானே போட்டுக்கொண்டு போய்விட்டேன். கீழ் வரை விரல் நிற்கவே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன், மெச்சுவார் என்று.

சம்பந்தி பென்சிலை மறுபடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். தாளின் மூலையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்த பேத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போச்சு சம்பந்தி, நீங்களும் கெட்டுப்போயிட்டீங்க. இவளுக்காவது எதையும் சொல்லிக் குடுத்துடாதீங்க. அடுத்து இவதான் உக்காரணும்."